அதே அடையாளத்தால்

மரகதவல்லி அக்காவுக்கு எங்கள் சபை செய்த அநியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்ததைக் கேட்கிறவர்கள் எல்லாரும் அந்த அதிசயத்தையே பேசிப் பேசி அக்காவை மறந்துவிடுகிறார்கள். அவள் புருஷன் எபனேசர் அவளை அடிப்பான். அதை அவள் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பேசும் அறையில் கிளைத் தலைவர் யேசுவடியானிடம் சொன்னாள், அங்கே சொல்வது அந்தச் சுவர்களைத் தாண்டாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள், அதை நம்பிச் சொன்னாள். அவர் அன்று சாயங்காலமே எபனேசரைக் கூப்பிட்டு, சமாதானம் பண்ணிவைக்கிற நல்ல எண்ணத்தோடுதான், கேட்டதை அப்படியே ஒப்பித்துவிட்டார். அடுத்த வாரம் அக்கா மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வந்தாள், பாத்ரூமில் வழுக்கிவிட்டதாக எபனேசர் சொன்னான், சபையார் எல்லாரும் ஈரத்தரையில் எப்படிக் கால் வைக்க வேண்டும் என்று அவளுக்குப் புத்தி சொன்னார்கள். அவள் வீட்டை விட்டு ஒரு பெண்கள் ஹாஸ்டலுக்குப் போனாள். அதற்கடுத்த ஞாயிறு யேசுவடியான் பிரசங்க பீடத்தில் நின்று, அவளிடம் முன்னால் ஒரு வார்த்தை சொல்லாமல், சகோதரி மரகதவல்லி பிள்ளைகள் வகுப்பு ஊழியத்திலிருந்து விடுவிக்கப்படுகிறார், அவருக்கு நன்றி தெரிவிக்க விரும்புகிறவர்கள் கையை உயர்த்திக் காட்டலாம் என்று வாசித்தார். நாங்கள் பழகிய ஜனங்கள். பீடத்திலிருந்து 'உயர்த்திக் காட்டலாம்' என்று காதில் விழுந்தால் போதும், எதற்கு என்று புரியும் முன்பே கை மேலே போய்விடும். எல்லாக் கைகளும் போயின. கடைசி வரிசையில் அக்காவின் கையும் போனது. தன்னைத் துரத்தியதற்கு நன்றி சொல்லி நிற்கும் தன்னுடைய கையை அவள் அண்ணாந்து பார்த்ததையும், அதை யாருடைய பொருளையோ இறக்கி வைப்பதுபோல் மடியில் இறக்கி வைத்ததையும் நான் பார்த்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஞாயிறுதோறும் திருவிருந்து மேஜையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டு ஆசீர்வதிக்கிறவன் எபனேசர்தான். சாத்திய கதவுக்குள் அக்கா யேசுவடியானிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறாள்.

"நான் இவ்வளவு சொன்னதுக்கப்புறம், அந்தக் கை பிட்டுத் தர்ற ரொட்டி உங்களுக்குத் தொண்டையில எறங்குமா பிரசிடென்ட்?"

"ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன் சிஸ்டர்" என்றாராம். அதற்கப்புறம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

எங்கள் சபை கோயமுத்தூரில், நாகூர் மீரான் பாய் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்கு மேலே, வாடகை மாடியில் கூடுகிறது. தெருவில் எங்களுக்கு மார்மன்காரங்க என்று ஒரு பெயர், காப்பி டீ குடிக்காதவங்க என்று இன்னொரு பெயர். சம்பளம் வாங்கும் போதகர் எங்களுக்குக் கிடையாது. எங்களில் ஒருவரை, சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் யேசுவடியானைப் போன்ற ஒருவரை, கடவுளே கூப்பிட்டார் என்று நம்பித் தலைவராக உட்கார வைக்கிறோம். அதனால் வருஷத்துக்கு ஒருமுறை பெயரை வாசித்து, இவரை ஆதரிக்கிறவர்கள் வலது கையை உயர்த்துங்கள் என்று கேட்கும்போது அது தேர்தல் இல்லை, எதிரே போட்டியிடுகிறவர் யாரும் இல்லை, தூக்குகிற கை 'இவர் பின்னால் நான் நிற்கிறேன்' என்று கடவுளுக்கு முன்னால் செய்கிற சத்தியம். கைகள் இறங்கியதும், எதிர்ப்பவர்கள் யாராவது இருந்தால் அதே அடையாளத்தால் காட்டலாம் என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு, ஒரு கொசு வந்து உட்காரும் நேரம்கூடக் கொடுக்காமல், நன்றி சொல்லி அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். அந்தக் கொசு நேரத்தில் ஒரு கை எழுந்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பங்குனி மாத ஞாயிற்றுக்கிழமை பெயர்களை வாசிக்கப் பெங்களூரிலிருந்து மேல் தலைவர் வரவேண்டியது. அவருக்கு ரயில் கிடைக்கவில்லை. "நீங்களே வாசிச்சிருங்க பிரதர், சம்பிரதாயந்தானே" என்று போனில் சொல்லிவிட்டார். யேசுவடியான் தன் பெயரைத் தானே வாசித்தார். கைகள் எழுந்தன. என் அம்மா ரோஸ்லினின் கை எப்போதும்போல் முதல் கை. ஆட்டோ ஓட்டுகிற கில்பர்ட் அண்ணனுடைய கை எப்போதும்போல் காதருகே நின்று, ஆதரிக்கிறதா, அரிக்கிறதா என்று தெரியாதபடி ஊசலாடியது. என் கை மடியிலேயே இருந்தது. அம்மா முழங்கையால் இடித்தாள். நான் அசையவில்லை.

"எதிர்ப்பவர்கள் யாராவது இருந்தால் அதே அடையாளத்தால் காட்டலாம்" என்றார் யேசுவடியான்.

அந்த இடைவெளி முடியவில்லை.

அவர் நன்றி சொல்ல வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. செருமிப் பார்த்தார். "தண்ணி குடுங்க" என்றார், அது வந்தது. "அந்தக் குழந்தையக் கொஞ்சம் வெளிய தூக்கிட்டுப் போங்க" என்றார், அதுவும் வந்தது. கேள்விக்கு அடுத்து வரவேண்டிய அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை. பீடத்தை விட்டு இறங்கிப் பார்த்தார். இடது பக்கம் இறங்கினாலும் வலது பக்கம் இறங்கினாலும் கடைசிப் படியில் கால் வைத்ததும் பீடத்தின் பின்னாலேயே நின்றார். சுவர்க் கடிகாரம் பத்து இருபதில் நின்றது, ஜன்னல் வழியே விழுந்த வெயில் தரையில் அதே இடத்தில் படுத்துக்கொண்டது, திருவிருந்து மேஜையில் வெள்ளைத் துணிக்கு அடியில் பிட்கப்படாத ரொட்டி புதுசாகவே இருந்தது. மற்றவர்கள் போகலாம், வரலாம். அவர் மட்டும் அந்த நிமிஷத்துக்குள் இருந்தார், அங்கே அவருக்குப் பசியும் கால்வலியும் மட்டுமே உண்டு.

சாயங்காலம்வரை காத்திருந்துவிட்டுச் சபையார் வீட்டுக்குப் போனார்கள், ஆனால் முடிவு ஜெபம் ஆகாமல் கூட்டத்திலிருந்து எழுந்து போவது எங்களிடம் வழக்கமில்லை, ஆகவே உடம்பால் வீட்டில் இருந்தாலும் யாரும் போனதாக எண்ணவில்லை. மறுநாள் தெருவில் திங்கட்கிழமை, எங்களுக்கு ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கடையில் எதுவும் வாங்கக்கூடாது, சினிமாவுக்குப் போகக்கூடாது, வேலைக்குக்கூட அவசரம் என்றால்தான் போகலாம். எல்லாருக்கும் தினமும் ஓர் அவசரம் வந்தது. மில்லுக்குப் போவது அவசரம், பரீட்சை அவசரம், பால் வாங்குவது மட்டும் அவசரமா இல்லையா என்று மாடிப்படியில் நின்று ஆண்கள் வாதாடினார்கள். கடைசியில் பாலும் காய்கறியும் நாகூர் மீரான் பாய் வாங்கி வைத்தார், அவருக்கு எல்லாக் கிழமையும் இருந்தது. தெருவும் பழகிக்கொண்டது. காய்கறி வண்டிக்காரர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால் "இன்னும் ஞாயித்துக்கிழமதானுங்களா?" என்று கேட்டுவிட்டு, தராசை எடுக்காமல் போய்விடுவார். மாரியம்மன் திருவிழாவுக்குப் பந்தல் போட்டவர்கள் மாடி ஜன்னலை மறைக்காமல் போட்டார்கள், அந்த வெயிலை மறைத்தால் என்ன ஆகுமோ என்று அவர்களுக்கும் ஒரு யோசனை.

முதலில் எல்லாரும் சுலபமான வழிகளைச் செய்து பார்த்தார்கள். "யாரும் எதிர்க்கலீங்க பிரசிடென்ட், மேல போங்க" என்று எபனேசர் மேஜையிலிருந்து உரக்கச் சொன்னான், ஒன்றும் நடக்கவில்லை. ஆதரவுக் கைகளை மறுபடி தூக்கினார்கள், இன்னும் உயரமாகத் தூக்கினார்கள், நடக்கவில்லை. ஒருநாள் பாய் கடையைப் பூட்டிவிட்டு மேலே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, நடுவில் நின்று கையைத் தூக்கினார்.

"நான் எதிர்க்கிறேனுங்க. மனுசன் காலு வீங்கிப்போச்சு, முடிச்சு உட்ருங்க."

நடக்கவில்லை. "நீங்க மெம்பர் இல்லீங்களே பாய்" என்றார் யேசுவடியான், வருத்தத்தோடு.

"அப்ப மெம்பருங்க என்னதான் பண்றாங்க?" என்று கேட்டுவிட்டு பாய் இறங்கிப் போனார்.

பெங்களூருக்குப் போன் செய்தார்கள். பெங்களூர் அதற்கும் மேலே கேட்டது. மேலிருந்து, முறைப்படி அடுத்த பெயருக்குச் செல்லவும் என்று பதில் வந்தது. அடுத்த பெயருக்குப் போகத்தான் அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

சித்திரை போய் வைகாசி வந்ததும் அதிசயம் யாருக்கும் அதிசயமாக இல்லை, வேலையாக இருந்தது. யேசுவடியானுக்குச் சாப்பாடு கொண்டுபோகப் பெண்கள் முறை வைத்துக்கொண்டார்கள், அம்மாவுக்குச் செவ்வாயும் வெள்ளியும் தயிர்சாதம். யாரோ ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டார்கள். யாரோ பிளாஸ்டிக் தொட்டியில் வெந்நீரும் கல்லுப்பும் போட்டு அவருடைய பாதங்களை அதில் வைத்தார்கள். அவர் பாதத்துக்கு வெந்நீர் வைத்த கைகளில் ஒன்றுகூட அக்காவின் மணிக்கட்டுக்கு ஒரு தைலம் கொண்டு போனதில்லை, இதை நான் சொன்னபோது அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது.

"பெர்சிஸ், நீ யூனிவர்சிட்டியில படிக்கிற. எனக்கு அவ்ளோ பேசத் தெரியாது. உங்கப்பா செத்தப்போ பெட்டியத் தூக்க ஆளில்ல. சொந்தக்காரன் ஒருத்தன் வரல. முன்னால வந்து தோள் குடுத்தவர் அவருதான்."

"அதுக்கு நன்றி சொல்லலாம்மா. அதுக்கு நன்றி சொல்ற கை இது, அக்காவுக்குப் பண்ணினதுக்கும் சேத்து தூக்கணுமா?"

"தலைவருங்களும் மனுசங்கதான். தப்பு பண்ணுவாங்க."

"மனுசங்கன்னா மனுசங்க மாதிரி பதில் சொல்லட்டும்."

உண்மையில் அம்மாவின் பயம் வேறு, அது எனக்கும் தெரியும். எங்கள் நம்பிக்கையில் புருஷனையும் பெண்சாதியையும் கோயிலில் வைத்து இணைத்துவிட்டால் சாவுக்கு அப்புறமும் அவர்கள் பிரிய மாட்டார்கள், செத்துப்போன அப்பாவோடும் அம்மாவை அப்படி இணைக்கலாம். அந்தக் கோயிலுக்குப் போகக் கிளைத் தலைவர் கேள்வி கேட்டுச் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், அந்தக் கேள்விகளில் ஒன்று, உன் தலைவர்களை ஆதரிக்கிறாயா என்பது. கோயில் இருப்பது வெளிநாட்டில், அம்மா கடல் தாண்டிப் போக பாஸ்போர்ட் எடுத்து, அப்பாவின் கல்யாண வேட்டியோடு சேர்த்துப் பெட்டியில் வைத்திருந்தாள்.

சந்தேகக்காரர்கள் நாங்கள் பாய் கடையின் பெஞ்சில் கூடுவோம். நான், கில்பர்ட் அண்ணன், அவ்வப்போது வந்து கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போகும் ஓரிருவர். தாமிரக் கம்பிச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்து, பாய் குடிக்கும் டீயின் வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு, மணிக்கணக்காக வாதாடினோம். நாற்காலியை ஆதரித்து ஆளை எதிர்க்க முடியுமா. கூப்பிட்டது கடவுள் என்றால் எதிர்ப்பது யாரை. கை தூக்காமல் இருப்பதே எதிர்ப்பு ஆகாதா.

"ஆகாதுண்ணா. அவர் கேட்டது அடையாளம். சும்மா இருக்கறது அடையாளம் இல்ல" என்றேன்.

"அப்ப நீ தூக்கு. வாய் கிழியப் பேசற இல்ல."

"நான் ஆதரிச்சே தூக்கல. நீங்க காதச் சொறிஞ்சீங்க."

"பதினெட்டு வயசுல இந்த சபைக்கு வந்தவன்மா நான். சாராயத்த உட்டது இங்கதான். கையத் தூக்கிட்டு வெளிய போன்னு சொன்னாங்கன்னா, எங்க போவேன்? டாஸ்மாக்குக்கா?" அண்ணன் ஒரு கம்பித் துண்டை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "சொறியறதுல என்ன சௌகரியம்னா, கடவுளுக்கும் புரியும், பிரசிடென்ட்டுக்கும் புரியாது."

"கடவுளுக்கே புரியாமத்தான இவ்ளோ நாளா நிறுத்தி வெச்சிருக்காரு" என்றார் பாய், காயிலிலிருந்து தலை நிமிராமல்.

ஆனியில் நான் ஹாஸ்டலுக்குப் போனேன். மரகதவல்லி அக்கா கட்டுப் பிரித்த கையால் துணி பிழியப் பழகிக்கொண்டிருந்தாள், வாளிக்குள் பாதித் தண்ணீர் துணியிலேயே தங்கியது. நான் வாங்கிப் பிழிந்தேன்.

"நீங்க வந்து கை தூக்கினா முடிஞ்சிடும்க்கா. நியாயம் உங்க பக்கம்."

"எனக்கும் இன்னும் ஞாயித்துக்கிழமதான் பெர்சிஸ். டெய்லி வேலைக்குப் போறேன், டெய்லி ஞாயித்துக்கிழம." அவள் கொடியில் துணியை உதறிப் போட்டாள். "வரச் சொன்னா வர்றேன். உக்காந்திருக்கேன். கை தூக்க மாட்டேன்."

"ஏங்க்கா?"

"ஒருதடவ தூக்கிட்டேன், பாத்த இல்ல?" என்றாள். "அடி வாங்கினவளே வந்து சொல்லணும், சொன்னவளே வந்து நிரூபிக்கணும், நிரூபிச்சவளே வந்து எதிர்க்கணும். அப்புறம் மத்தவங்க எல்லாம் எதுக்குக் கூடறீங்க?"

வாயாடி என்று பேர் வாங்கியவள் நான். மிச்சத் துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த என் வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். கை சும்மா கனத்தது.

வீட்டில் அம்மாவிடம் அக்கா சொன்னதை, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், சொன்னேன். வழக்கமாக அதற்கு மேல் நான் வைக்கும் வாதம் எதையும் வைக்கவில்லை. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்து முடித்து, கத்தியைக் கழுவி, வைக்கும் இடத்தில் வைத்தாள்.

"வெள்ளிக்கிழம என் முறை. அவளையும் வரச் சொல்லு" என்றாள்.

வெளியே ஆடிக் காற்று அடிக்கத் தொடங்கியிருந்தது. மாடிக்குள் காற்றில்லை, பங்குனி வெயில். செய்தி எப்படியோ பரவி, சபையார் வெள்ளைச் சட்டையும் டையுமாக, நல்ல சேலையுமாக, அந்தப் பங்குனி ஞாயிறு உட்கார்ந்த அதே இடங்களில் வந்து உட்கார்ந்தார்கள். எபனேசர் மேஜையின் பின்னால், துணியின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அக்கா கடைசி வரிசையில். யேசுவடியான் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றார். இத்தனை மாதத்தில் அவர் குரல் தேய்ந்துபோயிருந்தது.

"யாராவது இருக்கீங்களா?" என்றார். சம்பிரதாயமாகக் கேட்கவில்லை. இருட்டு வீட்டுக்குள் கூப்பிடுகிற மாதிரி கேட்டார்.

"யாருக்காவது ஏதாவது இருந்தா சொல்லித் தொலைங்க. எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து?" என்றான் எபனேசர்.

நான் தூக்கத்தான் போனேன். தோள்வரை மனசு வந்துவிட்டது. அதற்குள் பக்கத்தில் தயிர்சாத டப்பாவைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. எல்லாரும் பார்த்தார்கள். அம்மாவின் கை, எப்போதும் முதலில் எழுகிற கை, மேலே இருந்தது. முழங்கை மடங்காமல் நேராக இருந்தது.

"சிஸ்டர் ரோஸ்லின்" என்றார் யேசுவடியான். "நீங்களா?"

"நாந்தாங்க."

"கோயிலுக்குப் போகணும்னு இருந்தீங்களே."

"இப்பவும் இருக்கேனுங்க" என்றாள் அம்மா. "ஆனா இத இப்படியே உட்டுட்டு, அந்தப் பக்கம் போயி அவரு மூஞ்சியில எப்படிங்க முழிக்கறது? எங்க வீட்டுக்காரர் ஒருநாளும் என்மேல கை வெச்சதில்ல. அவருக்குப் பக்கத்துல போய் நிக்கறதுக்கு, கை வெக்கிறவன ஒசத்தி வெச்ச எடத்துல கையெழுத்து வாங்கிட்டுப் போனேன்னு சொன்னா, ஏன் வந்தேன்னு கேப்பாரு."

என் கை எழுந்தது. எனக்குப் பின்னால் கில்பர்ட் அண்ணனின் கை காதுவரை வந்தது, அங்கே கொஞ்ச நேரம் நின்றது, பிறகு காதைத் தாண்டிப் போனது. வேறு யாரும் தூக்கவில்லை. தூக்காதவர்கள் தங்கள் மடியைப் பார்த்தார்கள். அங்கே அவர்கள் கைகள் கிடந்தன.

கடிகாரத்தில் முள் நகர்ந்தது. தரையில் படுத்திருந்த வெயில் ஒரு மாதம், இன்னொரு மாதம் என்று நழுவி ஜன்னலேறிப் போனது, அது போன வழியில் ஆடிக் காற்று உள்ளே வந்து திருவிருந்து மேஜைத் துணியின் ஓரத்தைத் தூக்கியது. ரொட்டி கல்லாக, பச்சையாகப் பூத்து இருந்தது. யேசுவடியானின் வாயில் அந்த வார்த்தை, நன்றி என்கிற வார்த்தை, இத்தனை மாதமும் காத்திருந்த வார்த்தை, வந்து நின்றதை எல்லாரும் பார்த்தோம். எதிர்ப்பு வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதற்கும் ஒரு வாசகம் உண்டு, குறித்துக்கொள்ளப்பட்டது, கூட்டம் முடிந்ததும் தலைவரைத் தனியாகச் சந்திக்கவும் என்று. அதைத்தான் சொல்லப் போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் அம்மாவைப் பார்த்தார். எங்கள் கைகளைப் பார்த்தார். ரொட்டியின்மேல் இருந்த எபனேசரின் கையைப் பார்த்தார், எபனேசர் அதை இழுத்து மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டான். பிறகு எங்கள் எல்லாருடைய தலைக்கும் மேலாக, கடைசி வரிசையைப் பார்த்தார். மரகதவல்லி அக்கா கையைத் தூக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"தொண்டையில எறங்கல சிஸ்டர்" என்றார் யேசுவடியான். "எறங்காமத்தான் வாராவாரம் முழுங்கினேன்."